சமயபுரத்திலிருந்து மெசேஜ் வரவில்லை

புதுக்கோட்டை
25.1.2026

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். போனில் பேசலாம்தான். ஆனால் நீ கூப்பிட்டதும் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், பக்கத்து வீட்டு அத்தையும் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் கடிதம். இதைப் பற்றி அம்மாவிடம் பேச வேண்டாம்.

செஞ்சிப் படங்கள் பார்த்தேன். ராஜகிரி எண்ணூறு அடி உயரம் என்பார்கள். பேரன் உச்சிவரை ஏறினானா, பாதியில் தூக்கச் சொன்னானா? மேல்மலையனூர் அமாவாசைக்கு ஸ்பெஷல் பஸ் ஓட்டிய காலத்தில் செஞ்சி வழியாகப் போயிருக்கிறேன். கோட்டையை ஸ்டியரிங்குக்கு மேலாகப் பார்த்ததோடு சரி. போன ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தது. சிவாஜி 1677ல் பிடித்த கோட்டை என்பதால் மராட்டியக் கோட்டைகளோடு சேர்த்திருக்கிறார்கள். என் மகள் ஏறி வந்த கோட்டை என்று டீக்கடையில் சொன்னேன்.

எல்லாப் படத்திலும் நீயும் பேரனும்தான். மாப்பிள்ளைதான் படம் எடுக்கிறார் போல என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வேடந்தாங்கல் படங்களுக்கும் அதையேதான் சொன்னேன். வண்டிக்குள் நீ எடுத்த ஒரு படத்தில் பக்கத்து சீட்டில் பையும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. அதை அம்மா கவனிக்கவில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கோபப்படாதே. வண்டியை இங்கே என் பேரில்தானே எடுத்தோம். ஃபாஸ்டேக்கும் என் போன் நம்பரில்தான் இருக்கிறது. நீ மறந்திருப்பாய். நீ ஒவ்வொரு சுங்கச்சாவடி தாண்டும்போதும் எனக்கு மெசேஜ் வரும், இடமும் நேரமும் போட்டு. உளவு பார்க்கிறேன் என்று நினைக்காதே. காசு குறைந்தால் நான்தான் போடுகிறேன், அது உனக்குத் தெரியுமா? இப்போது 3,000 ரூபாய்க்கு வருஷப் பாஸ் வந்திருக்கிறது, 200 முறை தாண்டலாம். நீ சுற்றுகிற சுற்றுக்கு அதுதான் லாபம். நானே போட்டுவிடுகிறேன்.

பரனூர் சாவடி தாண்டி ஆத்தூர் சாவடி வராவிட்டால் வேடந்தாங்கல் அல்லது உத்திரமேரூர் என்று கணக்குப் போடுவேன். ஆத்தூரும் வந்தால் திண்டிவனம் பக்கம். டிப்போவில் டைம் கீப்பர் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருக்கிறேன். பொங்கலுக்கு லீவு இல்லை என்றாய், சரி. காணும் பொங்கலன்று காலையிலேயே ஆத்தூர் காட்டியது. கொஞ்ச நேரம் அடுத்த மெசேஜ் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று வரிசையாக வரும் அல்லவா? வரவில்லை. சாயங்காலம் செஞ்சிப் படம் வந்தது. அம்மா உனக்கென்று எடுத்து வைத்திருந்த கரும்பைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டாள்.

அது போகட்டும். போன வெள்ளிக்கிழமை ராத்திரி 1.52க்குப் பரனூர். 3.40க்கு மறுபடியும் பரனூர். நடுவில் எங்கேயும் இல்லை. மறுநாள் ஸ்டேட்டஸில் படமும் இல்லை. அந்த நேரத்தில் வேடந்தாங்கலில் நாரைகூடத் தூங்கிக்கொண்டிருக்கும்.

ஏன் போனாய் என்று கேட்கவில்லை. பேரன் வண்டியில் இருந்தானா என்றும் கேட்கவில்லை. ஒரு டிரைவராகச் சொல்கிறேன், ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து வரை கண் நம் பேச்சைக் கேட்காது. டீ குடித்தால் தூக்கம் போய்விடும் என்பது பொய், கொஞ்ச நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். வெளிச்சமும் ஆளும் இருக்கிற பெட்ரோல் பங்க்காகப் பார்த்து உள்ளே விட்டு நிறுத்து, கதவைப் பூட்டிக்கொண்டு இருபது நிமிஷம் கண்ணை மூடு. ரோட்டோரம் நிறுத்தாதே. இருட்டில் விளக்கில்லாமல் நிற்கிற லாரிதான் எமன், ஓடுகிற லாரி இல்லை. எதிரே வருகிறவன் டிம் அடிக்காவிட்டால் நீ பதிலுக்கு ஹை பீம் போட்டு நிற்காதே, இடது பக்க வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டு. மனசு சரியில்லாதபோது சாவியை எடுக்காதே. இதை நீ லைசென்ஸ் எடுத்த அன்றே சொன்னேன். இரண்டிலிருந்து ஐந்து வரை வேண்டாம், பாப்பா.

மனசு சரியில்லாதபோது என்று எழுதிவிட்டு ரொம்ப நேரம் பேனாவை வைத்துவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

நீ ஒன்பதாவது படித்தபோது அம்மாவும் நானும் ஏழெட்டு மாசம் பேசிக்கொள்ளாமல் இருந்தோம். உங்களுக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்போது நான் ரெஸ்ட் நாளிலும் அடுத்தவன் டியூட்டியைக் கேட்டு வாங்கி ஓட்டினேன். ஆள் பற்றாக்குறை என்று வீட்டில் சொன்னேன். அப்படி ஒன்றும் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்வரை யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி வண்டியை விட்ட பிறகும் வீட்டுக்கு வராமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நார்த்தாமலை கூட்டிப்போகிறேன் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். நீ புளிச்சோற்றுத் தூக்கோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தாய், தம்பி தொப்பி போட்டிருந்தான். நான் பின்பக்கமாகப் போய் சைக்கிளை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போய்விட்டேன். அன்றைக்குத் திருச்சி வண்டி. ஆறு முறை அந்த நார்த்தாமலை விலக்கைத் தாண்டினேன். டிப்போவில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள் என்றுதானே ராத்திரி உன்னிடம் சொன்னேன்? யாரும் கூப்பிடவில்லை. நீ திருப்பி ஒரு கேள்வி கேட்கவில்லை. தூக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டாய். திட்டியிருக்கலாம். வாயைத் திறக்காமல் இருக்க என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டாய்.

முப்பத்தோரு வருஷம் ஊரையெல்லாம் ஏற்றி இறக்கினேன். பதினாறு கிலோமீட்டரில் இருக்கிற சித்தன்னவாசலை ரிட்டயர் ஆன பிறகுதான் பார்த்தேன், அதுவும் தனியாக. ஏழடிப்பட்டம் என்கிற குகையில் சமணர்கள் படுத்த கல் படுக்கைகள், வழவழவென்று தேய்ந்து கிடக்கின்றன. குடைவரைக்குள் தாமரைக் குளம் ஓவியம், யானையும் மீனும் பூப்பறிக்கிறவர்களும். முக்கால்வாசி அழிந்துவிட்டது. உள் அறையில் நின்று வாயை மூடி 'ம்ம்' என்று சொன்னால் அந்தக் குரல் நாலு சுவரிலும் சுற்றி நம் நெஞ்சுக்கே திரும்பி வருகிறது. காவலாள் சொல்லச் சொன்னார், எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். பேரனுக்குப் பிடிக்கும்.

நார்த்தாமலைக்கு இன்னும் போகவில்லை. மேலமலையில் விஜயாலய சோழீச்சுரம் இருக்கிறது, கருவறை வட்டமாக இருக்குமாம். எதிரே குடைவரையில் பன்னிரண்டு விஷ்ணு, எல்லாம் ஒரே அச்சு. பாறையில் ஏற வேண்டும், எனக்கு முட்டி வலி, இருந்தாலும் ஏறுவேன். நீ ஓட்டு, நான் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து வருகிறேன். வழியில் உன் ஓட்டுதலைக் குறை சொல்ல மாட்டேன். முயற்சி செய்கிறேன்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் அவரும் வரட்டும். கிடைக்காவிட்டாலும் நீ வா. பகலில் கிளம்பு. சமயபுரம் மெசேஜ் வந்ததும் அம்மாவிடம் உலை வைக்கச் சொல்வேன், அங்கிருந்து நம் வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம். எத்தனை பேர், எத்தனை நாள் இருப்பீர்கள் என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். அம்மாவையும் கேட்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு. ஃபாஸ்டேக் நம்பரை மாற்றிவிடாதே. ஸ்டெப்னியிலும் காற்று பார், எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள்.