பினாங்கு தண்ணீர்மலை நடைக்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள காலை நேரத்து நண்பர்களே,

வேலைக்காகக் கணினியில் விளம்பரம் வரைந்து, வாடிக்கையாளர் சொன்னபடி திருத்தி, மறுபடியும் திருத்திக் கொடுத்தே பழகிப்போன எனக்கு, யாரிடமும் ஒப்புதல் வாங்காமல் ஒரு படம் வரையலாம் என்பதே மறந்திருந்தது. அதை மீட்டுத் தந்தவர்கள் நீங்கள். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஆசிரியர் ஐயாவுக்கு. இரத்த அழுத்தம் குறையட்டும் என்று வேகவேகமாக நடந்துகொண்டிருந்த என்னைத் தாவரவியல் பூங்காவின் நாகலிங்க மரத்தடியில் நிறுத்தி, "பூ எங்கேயிருந்து வருதுன்னு பாருங்கம்மா" என்றீர்கள். தினமும் கடந்துபோன மரம்தான். ஆனால் பூ கிளை நுனியில் இல்லை, அடிமரத்திலிருந்தே நீண்டு தொங்கும் காம்புகளில் பூக்கிறது என்பதை அன்றுதான் கவனித்தேன். நாம் சிவனுக்குச் சாத்துகிற பூ, மரமோ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று நீங்கள் சொன்னதும் ஆச்சரியம் தாங்கவில்லை. கைப்பையில் இருந்த மளிகை ரசீதின் பின்புறம் ஒரு பூவை வரைந்தேன். அப்புறம் நிறுத்தவே இல்லை. இலைகளை ஒவ்வொன்றாக வரைய வேண்டாம், இலைகளுக்கு நடுவே தெரிகிற வானத்தின் வடிவத்தைப் பிடியுங்கள் என்று நீங்கள் சொல்லித் தந்த பிறகு, அந்தப் பெரிய தூங்குமூஞ்சி மரங்கள்கூடக் கைக்கு வந்தன.

பூங்காவில் வேலை செய்யும் அண்ணே, 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் இந்தப் பூங்காவை அமைக்கும் முன் இது கருங்கல் உடைத்த இடம் என்று நீங்கள் சொன்னதிலிருந்து பாறைகளையும் விடாமல் வரைகிறேன். லோத்தோங் குரங்கு பயந்து ஓடாமலிருக்க எங்கே, எப்படி அசையாமல் நிற்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தீர்களே, சாம்பல் நிறத் தாயின் மடியில் அந்த ஆரஞ்சு நிறக் குட்டியைப் பார்த்து வரைந்தது உங்களால்தான்.

பினாங்கு ஈரக்காற்றில் என் நோட்டு அலை அலையாகச் சுருண்டதைப் பார்த்து, சதுர மீட்டருக்கு 300 கிராம் கனமுள்ள பருத்தித் தாளும் தண்ணீரில் கலையாத மைப் பேனாவும் வாங்கச் சொன்ன காகிதக் கடை அங்கிளுக்கும் நன்றி. விலை அதிகம்தான், ஆனால் அவர் சொன்னது சரி.

மூன் கேட் மலைப்பாதையில் ஏறும்போது நான் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டால் முகம் சுளிக்காமல் காத்திருந்த அக்காமார்களே, உங்களுக்குத்தான் பெரிய நன்றி. நீங்கள் யாரும் "எப்ப முடியும்" என்று கேட்கவில்லை, "இதை விற்கலாமே" என்றும் சொல்லவில்லை. எட்டிப் பார்த்து, "அட, அந்தப் பெரணி!" என்று மட்டும் சொல்வீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே அடுத்த பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குப் பூங்கா வாசலில் இருப்பேன். இட்லியும் சட்னியும் என் பொறுப்பு. கூடுதலாக நாலைந்து பென்சிலும் எடுத்து வருகிறேன், ஆசையாக இருப்பவர்கள் உட்காருங்கள்.

அன்புடன்,
உங்கள் நோட்டுக்காரத் தங்கச்சி