வேணியையும் கேட்டதாகச் சொல்

அன்புள்ள முத்துவுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய பணம் 3ஆம் தேதியே வந்து சேர்ந்துவிட்டது. போன மாதத்தைவிட அதிகமாக இருக்கிறது. எதற்கு இவ்வளவு என்று அப்பா கேட்டார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி தவறாமல் வருகிறது. உன்னிடமிருந்துதான் ஒரு வரி வருவதில்லை. வேலை அதிகம் என்று தெரியும், குறை சொல்வதற்காக எழுதவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. வேணியையும் கேட்டதாகச் சொல்.

இங்கே எல்லோரும் சுகம். அக்காவின் சின்னவன் நடக்கத் தொடங்கிவிட்டான். மாடியில் ஒழுகிய இடத்தைக் கொத்தனார் வந்து பூசிவிட்டுப் போனார். சித்தப்பா விஷயம் உனக்குத் தெரிந்ததுதான், அதில் மாற்றம் ஒன்றும் இல்லை.

எனக்கு இப்போது படிப்புதான் பொழுது. பள்ளிக்கூடத்தில் இருந்தவரை மெசபடோமியா என்றால் ஹமுராபியின் சட்டம், சிகுராட் கோபுரம், இரண்டு மதிப்பெண் கேள்வி, அத்தோடு மணி அடித்துவிடும். ஓய்வு பெற்ற பிறகுதான் சரித்திரத்தைப் பரீட்சை இல்லாமல் படிக்கிறேன். சில மாதங்களாகக் குல்தெபே பற்றித்தான் கையில் கிடைப்பதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? கொல்லையில் குழி தோண்டி, கிடைத்த ஓட்டுச்சில்லுகளை எல்லாம் தீப்பெட்டிகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி வைத்தவன் நீதானே. அந்தப் பெட்டிகள் இன்னும் பரணில்தான் இருக்கின்றன.

துருக்கியின் நடுப்பகுதியில், கைசேரி நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது குல்தெபே மேடு. 1880களிலிருந்தே ஆப்பெழுத்து, அதாவது ஆப்பு வடிவக் கோடுகளால் ஆன பழைய மெசபடோமிய எழுத்து, பதித்த சின்னச் சின்னக் களிமண் பலகைகள் பழம்பொருள் சந்தைகளில் விலைக்கு வந்துகொண்டிருந்தன. எந்த ஊரிலிருந்து வருகின்றன என்பது ஓரளவு தெரிந்தும், எந்த இடத்தில் தோண்டினால் கிடைக்கும் என்பது வெளியாருக்குப் பிடிபடவில்லை. அறிஞர்கள் வந்து உயரமான மேட்டைத் தோண்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். 1925இல் ஹ்ரோஸ்னி வந்தார். துருக்கிப் பக்கத்தில் பழங்காலத்தில் வழங்கிய ஹிட்டைட் மொழியின் புதிரை அவிழ்த்த அதே செக் அறிஞர்தான். அவருக்கும் முதலில் மேடு எதையும் கொடுக்கவில்லை. பிறகு உள்ளூர்க்காரர் மூலம் உண்மை வெளியே வந்தது. பலகைகள் மேட்டில் இல்லை, மேட்டின் காலடியில் கிடந்த வயலில் இருந்தன. எல்லோரும் அரண்மனையைத் தேடி உயரத்தில் தோண்டினார்கள், எழுதியவர்களோ கீழே குடியிருந்த வியாபாரிகள். 1948 முதல் தாசின் ஓஸ்குச் என்ற துருக்கிய அறிஞர் அங்கே தோண்டத் தொடங்கி, 2005இல் இறக்கும் வரை அந்த இடத்தை விடவில்லை. இதுவரை கிடைத்தவை ஏறக்குறைய 23,000 பலகைகள். 2015இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அந்த இடத்தின் பழைய பெயர் கானேஷ். கிறிஸ்துவுக்கு முன் 19ஆம் நூற்றாண்டில் இன்றைய வட இராக்கில் டைகிரிஸ் கரையிலிருந்த அஷூர் நகரத்து வணிகர்கள், ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தள்ளி இங்கே வந்து குடியேறியிருக்கிறார்கள். கழுதை மேல் வெள்ளீயமும் துணியும் ஏற்றிக்கொண்டு மலை தாண்டி வர ஆறு வாரம் போல ஆகும். குளிர்காலத்தில் பாதை அடைத்துவிடும். வெள்ளீயம் வெண்கலம் செய்ய. விற்றுக் கிடைத்த வெள்ளியும் தங்கமும் ஊருக்குத் திரும்பும். ஆண்கள் கானேஷில், பெண்கள் அஷூரில், நடுவில் கடிதம். அந்தக் கடிதங்களைத்தான், முத்து, நான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கடிதம் ஒவ்வொன்றும் ஒரு சோப்புக்கட்டி அளவுதான். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஈரம் காய்வதற்குள் இரண்டு பக்கமும் ஓரங்களிலும் நெருக்கி நெருக்கி எழுதியிருக்கிறார்கள். எழுதி முடித்ததும் மேலே மெல்லிய களிமண்ணால் இன்னோர் உறை. உறையின் மேல் அனுப்புகிறவர் உருளை முத்திரையை உருட்டி, யாருக்கு என்று பெயரும் எழுதுவார். சொல்ல வந்தது இடம் கொள்ளாமல் போனால் குட்டியாக இரண்டாவது பலகை ஒன்று செய்து அதே உறைக்குள் வைத்துவிடுவார்களாம். எனக்கு அதைப் படித்ததும் ஆச்சி இன்லேண்ட் கடிதத்தின் மடிப்பில்கூட எழுதுவது ஞாபகம் வந்தது. எழுத்தும் அதிகம் இல்லை, நூற்றுச் சொச்சம் குறிகள் தெரிந்தால் போதும். அதனால் எழுத்தர் துணை இல்லாமல் வணிகர்களும் பெண்களும் தாங்களே எழுதியிருப்பார்கள் என்கிறார்கள். 4,000 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பெண் தன் கைப்பட எழுதிய கோபம் நமக்குக் கிடைத்திருக்கிறது என்றால் எவ்வளவு பெரிய விஷயம்! எந்த ராஜாவின் கல்வெட்டும் எனக்கு இதற்கு ஈடாகாது.

லமாசி என்று ஒருத்தி. அவள் கணவன் பூஷு-கென் பெரிய வணிகன், கடத்தல் சரக்கு விவகாரத்தில் ஒருமுறை சிறைக்குக்கூடப் போனவன். இவள் அஷூரில் துணி நெய்து நெய்து அனுப்புகிறாள். துணி சரியில்லை, கம்பளி இவ்வளவு சேர், அவ்வளவு குறை என்று அங்கிருந்து கடிதம் வருகிறது. ஒரு துணி என்றால் இடுப்பில் கட்டுகிற அளவு இல்லையப்பா, நாலரை மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம். வீட்டையும் பார்த்துக்கொண்டு அதையும் நெய்கிறவளிடம் குறை கண்டால் என்ன செய்வாள்? நீ போன பிறகு சலிம்-அகும் இரண்டு வீடு கட்டிவிட்டான், நாம் எப்போது கட்டப் போகிறோம் என்று கேட்கிறாள். மகள் நன்றாக வளர்ந்துவிட்டாள், வந்து அவளை அஷூர் தெய்வத்தின் மடியில் வைத்துவிட்டுப் போ என்கிறாள். இந்தக் கடைசி விஷயத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

தாராம்-கூபி இன்னும் கடுமையானவள். கணவன் இன்னாயா, வளையலும் மோதிரமும் இருக்கின்றனவே, அவற்றை வைத்துச் சாப்பாட்டைப் பார்த்துக்கொள் என்கிற மாதிரி எழுதியிருக்கிறான். எந்த வளையலை விட்டுப் போனாய் என்று திருப்பிக் கேட்கிறாள். நீ வீட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனாய், ஊரில் பஞ்சம், ஒரு படி பார்லிகூட விட்டுப் போகவில்லை, நான் செய்கிற ஊதாரித்தனம் என்று ஓயாமல் எழுதுகிறாயே, அது எது என்கிறாள்.

இவள் பெயரும் ஷிமாத்-அஷூர் என்ற பெண்ணின் பெயரும் சேர்ந்து வருகிற கடிதம் ஒன்று இம்தி-இலும் என்ற வணிகனுக்குப் போயிருக்கிறது. குறி கேட்டோம், முன்னோர் ஆவிகளிடம் கேட்டோம், தெய்வம் உன்னை எச்சரிக்கிறது, "நீ பணத்தை நேசிக்கிறாய், உன் உயிரை வெறுக்கிறாய்" என்று எழுதுகிறார்கள். இதை உனக்கென்று எடுத்து எழுதவில்லை. நீ சிறு வயதிலிருந்தே காசை எண்ணிப் பார்க்காதவன், கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை அப்படியே அக்கா கல்யாணத்துக்குக் கொடுத்தவன். அப்பா இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அதைச் சொல்கிறார். ஆனாலும் மாதா மாதம் தொகை ஏறிக்கொண்டே போவதும் பேச்சு குறைந்துகொண்டே போவதும் எனக்கு நன்றாகப் படவில்லை. எங்களுக்கு ஓய்வூதியம் போதும். நீ உனக்கென்று வைத்துக்கொள். தனியாக இருக்கிறவர்களுக்குச் செலவு அதிகம்.

அந்த ஊர்க் கடிதங்களில் ஒரு குறை உண்டு. பெண்கள் எழுதியவை கானேஷுக்குப் போய்ச் சேர்ந்ததால் கானேஷ் வீடுகளில் கிடைத்தன. ஆண்கள் எழுதிய பதில் அஷூருக்குப் போயிருக்கும். அஷூரில் அந்தக் காலத்து வீடுகள் அநேகமாகத் தோண்டப்படவே இல்லை, அதனால் அந்தப் பக்கத்துப் பலகைகள் கிடைத்தது மிகச் சொற்பம். பூஷு-கென் தன் பெண்டாட்டிக்கு என்ன பதில் எழுதினான் என்பதை அவள் கோபத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அவன் பக்கத்திலும் நியாயம் இருந்திருக்கும். நான் யார் பக்கமும் தீர்ப்புச் சொல்கிறவள் இல்லை, உனக்குத் தெரியும். தெரியவில்லை என்றால் இப்போது தெரிந்துகொள்.

தைப்பொங்கலன்று நீ காணொலியில் வந்தபோது உனக்குப் பின்னால் இருந்த சுவர் வெறும் சுவராக இருந்தது. வேணி மாட்டி வைத்திருந்த மயில் படத்தைக் காணவில்லை. வெள்ளை அடிக்கிறார்களாக்கும் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. போன வெள்ளிக்கிழமை கோயிலில் சம்பந்தியம்மாளைப் பார்த்தேன். சுகமா என்றேன், சுகம் என்றார்கள். பிரகாரம் சுற்றாமலே போய்விட்டார்கள். குளிருக்கு ஒழுங்காகக் கம்பளி போட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. டாக்டர் சொன்ன வைட்டமின் மாத்திரையை நிறுத்திவிடாதே.

கல்யாண ஒப்பந்தம் ஒன்றும் அங்கே கிடைத்திருக்கிறது. லாகிபும் என்ற அஷூர்க்காரன் ஹதாலா என்ற பெண்ணை மணக்கிறான். கானேஷ் பக்கம் இருக்கிறவரை அவன் வேறொருத்தியைக் கட்டக் கூடாது. அவன் அவளை விட்டுப் பிரிந்தால் 5 மினா வெள்ளி கொடுக்க வேண்டும், அவள் அவனை விட்டுப் பிரிந்தாலும் அதே 5 மினா. ஒரு மினா ஏறக்குறைய அரைக் கிலோ, கணக்குப் போட்டுக்கொள். ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை என்று இல்லை. மனிதர்கள் சேர்வதையும் பிரிவதையும் சாட்சி வைத்து எழுதி முடித்திருக்கிறார்கள். நாம்தான் அந்தப் பேச்சை எடுக்கவே அஞ்சுகிறோம். இரண்டு ஆண்டுக்குள் குழந்தை பிறக்காவிட்டால் என்ன செய்வது என்றும் அதே பலகையில் எழுதியிருக்கிறது. அதைப் பற்றி நான் இனி வாயைத் திறப்பதாக இல்லை. அக்காவிடமும் சொல்லிவிட்டேன், அவளும் திறக்க மாட்டாள்.

வேணி நல்ல பெண். நீயும் நல்ல பிள்ளை. இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

கானேஷின் வணிகர் தெரு கி.மு. 1835 வாக்கில் எரிந்துபோனது. மேலே மண் மூடி, வீட்டு அறைகளில் கடிதங்கள் அப்படியே கிடந்தன. சில பலகைகள் உறைகூட உடைக்காமல் கிடைத்திருக்கின்றன. உறையை உடைத்தால்தான் உள்ளே இருப்பதைப் படிக்கலாம், உடைத்தால் முத்திரை போய்விடும். அதனால் பல காலம் தொடாமலே வைத்திருந்தார்கள். இப்போது ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தார் இதற்கென்றே ஒரு சிடி ஸ்கேன் கருவி செய்து, அதைப் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்கே கொண்டுபோய், உடைக்காமலே உள்ளே இருக்கும் எழுத்தைப் படித்திருக்கிறார்கள். நீ மட்டும் அந்தப் படிப்புக்குப் போயிருந்தால் இந்நேரம் அங்கே நின்றிருப்பாய். அப்பாதான் பொறியியல் என்று பிடிவாதம் பிடித்தார். சரி, அதுவும் உனக்குச் சோறு போடுகிறது.

ஏப்ரலில் அக்கா இங்கே வந்து இரண்டு வாரம் இருக்கிறாள். உனக்கும் விடுப்பு கிடைத்தால் வந்துவிட்டுப் போ. டிக்கெட்டுக்கு நீ அனுப்பிய பணமே இருக்கிறது, நான் தொடவில்லை. தனியாக வந்தாலும் வா. ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். முன் அறையில் புது விசிறி போட்டாகிவிட்டது.

பருப்புப் பொடியும் மணத்தக்காளி வற்றலும் எடுத்து வைத்திருக்கிறேன். போன தடவை அனுப்பிய பார்சல் ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை கால்கரியில் அதே முகவரிக்குத்தான் அனுப்ப வேண்டுமா, வேறு இடம் என்றால் எது என்று ஒரு வரி எழுதிவிடு. அஞ்சலகத்தில் வியாழக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா