அப்பா கேட்ட இடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இரண்டு தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சிகாகோவில் விவேகானந்தர் பேசிய இடத்தைப் பார்த்தாயா என்று கேட்டிருந்தீர்களே, பார்த்துவிட்டே எழுதலாம் என்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மிச்சிகன் அவென்யூவில் ஆர்ட் இன்ஸ்டிட்யூட் என்ற பெரிய அருங்காட்சியகம். வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள். 1893 செப்டம்பர் 11 அன்று அவர் பேசியது இந்தக் கட்டடத்தில்தான். அந்தச் சாலையில் ஒரு பகுதிக்கு அவர் பெயரையே வைத்துப் பலகை மாட்டியிருக்கிறார்கள். அதைப் படித்ததும், பாம்பன் குந்துகாலில் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு 'இங்கேதான்டா 1897-ல் வந்து இறங்கினார், சேதுபதி ராஜாவே வந்து வரவேற்றார்' என்று நீங்கள் சொன்னது காதில் கேட்டது. உள்ளே போக நேரமில்லை. இன்னொரு நாள் போகிறேன்.

பக்கத்துப் பூங்காவில் அனிஷ் கபூர் செய்த பெரிய எஃகுச் சிற்பம். அவரைக்கொட்டை மாதிரி இருப்பதால் 'பீன்' என்கிறார்கள். 168 தகடுகளை வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள், ஒரு இடத்தில்கூட ஒட்டு தெரியவில்லை. பட்டறை மாமா பார்த்தால் தடவித் தடவிப் பார்ப்பார். ஊரே அதில் தெரிகிறது. எல்லாரும் குடும்பமாக நின்று படம் எடுக்கிறார்கள்.

அப்புறம் வில்லிஸ் டவர், 110 மாடி. டாக்காவில் பிறந்த பஸ்லுர் ரஹ்மான் கான்தான் அதற்குப் பொறியாளர். ஒன்பது குழாய்களைச் சேர்த்துக் கட்டியதுபோல யோசித்திருக்கிறார், அதனால்தான் இந்த ஊர்க் காற்றைத் தாக்குப்பிடித்து நிற்கிறது. 103-ஆவது மாடியில் கண்ணாடித் தரை உண்டாம். மேகம் மூடியிருந்ததால் நான் ஏறவில்லை. லிங்கன் பார்க் மிருகக்காட்சி சாலைக்கு அடிக்கடி போகிறேன். வருடம் முழுக்கக் கட்டணம் கிடையாது.

இங்குள்ள ஏரியை நம் கண்மாய் மாதிரி நினைக்காதீர்கள். அக்கரையே தெரியாது, அலையும் அடிக்கிறது. பாம்பன் மாதிரி இருக்குமென்று ஆசையாகப் போய் நின்றேன். உப்பு வாசம் இல்லை அப்பா. கருவாட்டு வாசமும் இல்லை. கரையோரம் தண்ணீர் உறைந்து கிடந்தது. ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை.

விவேகானந்தர் இந்த ஊரில் முகவரியைத் தொலைத்து, ரயிலடியில் சரக்குப் பெட்டிக்குள் படுத்தார் என்பீர்களே. காலையில் பசியோடு தெருவோரம் உட்கார்ந்தவரை எதிர்வீட்டு அம்மாள் உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார் என்று. திரும்பும் வழியெல்லாம் அந்த அம்மாளையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

சரி, தங்கச்சிக்கு வந்த பரமக்குடி வரன் என்னவாயிற்று? பையனின் வேலை நிரந்தரமா என்று விசாரித்துவிட்டுப் பேசுங்கள். சீட்டுப் பணம் இந்த மாதம் 20-ஆம் தேதிக்கு மேல்தான் அனுப்ப முடியும், வேறு ஒன்றுமில்லை. சித்தப்பா கையெழுத்துப் போடாமல் தோப்பு வேலியை யாரும் தொட வேண்டாம். அம்மா முட்டிவலியோடு மாடி ஏறித் துணி காயப்போட வேண்டாம், கொல்லையிலேயே கொடி கட்டிக்கொடுங்கள்.

உங்கள் மகன்