காசநோய்ப் பாடம் தயாரிப்பவர்களுக்கு ஒரு தாதியின் மடல்

காசநோய்ப் பராமரிப்புக்கான இணையப் பாடங்களைத் தயாரிக்கும் அன்பர்களுக்கு, வணக்கம்.

சிங்கப்பூரில் பல ஆண்டுகளாகத் தாதியாக வேலை செய்கிறேன். உங்கள் பாடங்களைக் கைப்பேசியில்தான் படிக்கிறேன், பெரும்பாலும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது எம்ஆர்டி ரயிலில். மருந்து விவரம் எல்லாம் தெளிவாகவே இருக்கிறது. முதல் 2 மாதம் நான்கு மருந்து, அப்புறம் 4 மாதம் இரண்டு மருந்து. எத்தாம்புட்டால் கொடுத்தால் கண் பார்வையைக் கவனி, ஐசோனியாசிட் கொடுத்தால் கல்லீரலைக் கவனி. குறை அங்கே இல்லை.

எழுபதைத் தாண்டிய தமிழ்ப் பெரியவர் ஒருவர் தினமும் காலையில் வந்து எங்கள் கண்முன்னே மாத்திரை விழுங்கிவிட்டுப் போவார். நான்காம் நாள் வரவில்லை. மறுநாளும் காணோம். போன் செய்தேன், மகள் எடுத்தார். "அப்பாவுக்கு ஒண்ணுக்குப் போனா ரத்தமா போகுதாம். இனி மாத்திரையே வேணாம்னு உட்கார்ந்திருக்கார்." உடனே அழைத்துவரச் சொன்னோம். டாக்டர் பார்த்தார். ரத்தம் இல்லை. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அவ்வளவுதான். உங்கள் பாடத்தில் அதற்கு ஒரு கேள்வியே இருந்தது. சரியான விடையைத்தான் தட்டினேன். ஆனால் அவரிடம் முதல் நாளே சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த இரண்டு நாள் அவர் எவ்வளவு பயந்திருப்பார் என்று நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

அன்று அவர் இன்னொன்றும் சொன்னார். தன் தட்டையும் டம்ளரையும் தனியாகக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாராம். காசநோய் காற்றில் பரவுவது, தட்டிலும் டம்ளரிலும் ஒட்டுவதில்லை. இதை யாரும் அவருக்குத் தமிழில் சொல்லியிருக்கவில்லை.

1997இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டம் இருந்தும், இங்கே ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு மேல் புதிதாக இந்நோய் வருகிறது. அவர்களில் முதியவர்கள் நிறைய. கவனித்துக்கொள்ளும் தாதியரில் பலர் பிலிப்பீன்ஸ், மியன்மாரிலிருந்து வந்தவர்கள். என்னோடு வேலை செய்யும் பிலிப்பினோ தோழி என்னிடம் கேட்டுக் கேட்டு "நாக்கைத் தூக்குங்க, ஐயா" என்று சொல்லக் கற்றுக்கொண்டார். மாத்திரை உள்ளே போய்விட்டதா என்று பார்க்கத்தான். அதைக் கேட்டதும் பெரியவர் முகத்தில் வந்த சிரிப்பை உங்கள் பாடத்தில் படமாகப் போட்டால்கூட நல்லது.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைப் பாருங்கள். நோயாளியின் எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று சில விஷயங்களைக் களப்பணியாளர்கள் முதலிலேயே பார்க்கிறார்கள். மிகவும் தளர்ந்தவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். கையால் செய்யும் வேலை அது. பாடமும் அப்படி இருக்க வேண்டும்.

நான் கேட்பது இதுதான். முதல் நாள் உரையாடலை ஒரு பாடமாக வையுங்கள். நோயாளி பயப்படுகிறார், கோபப்படுகிறார், மறைக்கிறார். தாதி என்ன சொன்னால் என்ன ஆகிறது என்று காட்டுங்கள். தமிழ், மலாய், சீனத்தில் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களைக் குரல் பதிவாகக் கொடுங்கள். படிக்கும் நேரத்தை வேலை நேரத்துக்குள் ஒதுக்கச் சொல்லி மேலிடத்திடம் நீங்களும் பேசுங்கள். எம்ஆர்டியில் தூக்கக் கலக்கத்தோடு தட்டும் விடை மறுநாள் நினைவில் நிற்பதில்லை.

தமிழ்ப் பதிவுக்குக் குரல் வேண்டுமென்றால் நானும் இன்னும் இரண்டு தமிழ்த் தாதியரும் தயார். சிகிச்சையை முழுதாக முடித்துவிட்ட அந்தப் பெரியவரிடமும் கேட்டேன். பெயர் போடாமல் இருந்தால் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.