கிறிஸ்துமஸ் பரிசு வேலையை இப்போதே ஆரம்பிப்போம்

எல்லோருக்கும் வணக்கம். இந்த வருடம் கடைப் பரிசு கிடையாது, கையால் செய்ததுதான் என்று பேசி முடித்தாயிற்று. பெரியவர்கள் ஆளுக்கு ஒருவருக்குத் தந்தால் போதும். ஞாயிறு ராத்திரி சீட்டுக் குலுக்கிப் பெயரைத் தனித்தனியாக அனுப்புகிறேன், குழுவில் உளறிவிடாதீர்கள். குழந்தைகளுக்கு எல்லோரும் சேர்ந்து ஒன்று.

சோப்பு செய்கிறவர்கள் அக்டோபர் கடைசிக்குள் அச்சில் ஊற்றிவிடுங்கள். வெட்டியபின் 4 முதல் 6 வாரம் காற்றாட உலர்ந்தால்தான் கெட்டிப்படும், சீக்கிரம் கரையாது. காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும்; தண்ணீரை அதன்மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மஃப்ளர் பின்னுகிறவர்கள் இன்றைக்கே ஊசியை எடுங்கள், இல்லாவிட்டால் டிசம்பரில் தூக்கம் போய்விடும். நேரமே இல்லை என்பவர்கள் பழைய போட்டோக்களை ஆல்பமாக ஒட்டலாம். கீழே வருடமும் யார் யார் என்பதும் இருக்கட்டும். என்னைக் கேட்டால் இதுதான் இருப்பதிலேயே நல்ல பரிசு.

எதையும் வாங்கக் கிளம்புமுன் வீட்டில் கிடக்கும் பாட்டில், நாடா, துணித்துண்டுகளைப் பாருங்கள். நூல், எண்ணெய் மிச்சம் இருந்தால் இங்கே சொல்லுங்கள், தேவைப்படுபவர்கள் வாங்கிக்கொள்வார்கள். சீட்டில் பெயர் வேண்டாம் என்பவர்கள் சனிக்கிழமைக்குள் எனக்குத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.