அடித்தது யார் என்று பார்ப்பதற்கு முன்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவத்தில் 8, 9ஆம் வகுப்பு இலக்கிய மன்ற நேரத்தில் கம்பராமாயணத்தின் வாலி வதைப் படலத்தைப் படிக்கவிருக்கிறோம். அதையொட்டி வீட்டில் செய்ய ஒரு சிறு பயிற்சியும் தருகிறோம். அது எதற்காக, எப்படிச் செய்வது என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

கதையில் அடிதடி வருவதைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை. சண்டையே இல்லாத காவியம் எது? ஒரே செயலை வில்லன் செய்தால் கொடுமை, கதாநாயகன் செய்தால் கைதட்டல் என்று பிள்ளைகளின் தீர்ப்பு ஆளைப் பார்த்து மாறுகிறதே, அதுதான் கவலை. அந்தப் பழக்கம் திரையோடு நிற்பதில்லை. மைதானத்தில் நடந்த சண்டையை விசாரித்தால், "அவன் அடிச்சது தப்பு சார், நாங்க அடிச்சது பதிலடி" என்று மனதார நம்பிச் சொல்லும் பிள்ளைகள் உண்டு.

வாலி வதையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. தம்பி சுக்கிரீவன் போருக்கு அழைக்கும்போது, இராமன் தலையிட மாட்டான் என்று மனைவி தாரையிடம் உறுதியாகச் சொல்லிவிட்டுத்தான் வானர அரசன் வாலி போருக்கு வருகிறான். தம்பிக்கு அரசைக் கொடுத்தவன் அண்ணன் தம்பி சண்டைக்குள் அம்பு விடுவானா என்பது அவன் நம்பிக்கை. சுக்கிரீவனைத் தூக்கித் தரையில் மோதப் போகும் நேரத்தில் மறைவிலிருந்து வந்த அம்பு அவன் மார்பில் பாய்கிறது. அம்பைப் பிடித்து, அதிலிருக்கும் பெயரைப் படித்துவிட்டு, எதிரே வந்த இராமனிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறான். தம்பியின் மனைவியைக் கவர்ந்தாய் என்கிறான் இராமன். குரங்குகளுக்கு அந்த முறை கிடையாது என்கிறான் வாலி. நன்மை தீமை அறிந்தவனுக்கு அந்தச் சாக்கு பொருந்தாது என்று இராமன் மறுக்கிறான். அதன்பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: சரி, ஏன் மறைந்து நின்றாய்? அதற்குப் பதில் சொல்வது இலக்குவன். உன் தம்பி முன்னமே சரண் புகுந்துவிட்டான், நேரில் வந்தால் நீயும் அடைக்கலம் கேட்டுவிடக்கூடும், அதனால் என் அண்ணன் மறைந்து எய்தான் என்கிறான்.

இதே காவியத்தின் யுத்த காண்டத்தில் இராவணன் மகன் இந்திரசித்து வானில் மறைந்து நின்று, பாம்பாகக் கட்டிப்போடும் நாகபாசத்தை ஏவுகிறான். அதை 'மாயப்போர்' என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒதுக்குகிறோம். மறைந்து நின்றது இருவரும்தான். இரண்டும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. வேறு என்றால் எதனால் வேறு என்று பிள்ளை சொல்ல வேண்டும். இது பக்திக்குக் குறைவு செய்யும் முயற்சி அல்ல. வாலியின் வாயில் அத்தனை கேள்விகளையும் வைத்தவர் கம்பரே. பட்டிமன்ற மேடைகளில் காலங்காலமாக வாதிட்டு வரும் பொருள் இது.

இனி பயிற்சி. பிள்ளை விரும்பிப் பார்த்த படத்திலிருந்து நாயகன் அடிக்கும் காட்சி ஒன்றையும் வில்லன் அடிக்கும் காட்சி ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 3 நிமிடம் போதும். முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். பின்னணி இசை போனதுமே பாதி வீரம் போய்விடும். பிறகு மூன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்: அடிபடுகிறவரின் முகத்தைக் கேமரா எவ்வளவு நேரம் காட்டுகிறது, அவருக்குப் பெயர் உண்டா, கீழே விழுந்த பிறகும் எத்தனை அடி விழுகிறது. வில்லனிடம் அடிபடுகிறவருக்குப் பெரும்பாலும் பெயர், குடும்பம், கண்ணீர் எல்லாம் இருக்கும். நாயகனிடம் அடிபடும் அடியாளுக்கு முகம்கூடச் சரியாகத் தெரியாது. யாருடைய வலியைப் பார்க்கிறோமோ அவர் பக்கம் மனம் சாய்வது இயல்பு. அந்தச் சாய்வை இயக்குநர் திட்டமிட்டே உண்டாக்குகிறார்.

அடுத்து, இரண்டு காட்சிகளையும் பெயரில்லாமல் நாலைந்து வரியில் எழுதச் சொல்லுங்கள். "ஒருவர் நிராயுதபாணியாக இருந்தவரைக் கட்டிவைத்து அடித்தார்" என்ற அளவில் போதும். சரியா தவறா என்று தீர்ப்பையும் எழுதட்டும். அதன்பின் பெயர்களைப் போட்டுத் திரும்பப் படிக்கட்டும். தீர்ப்பு மாறினால் ஏன் மாறியது என்று ஒரு வரி. பயிற்சியின் உயிர் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. வேறு வழி இருந்ததா, உயிருக்கு அப்போதே ஆபத்து இருந்ததா, எதிரி ஓய்ந்ததும் நிறுத்தினாரா என்பவை நல்ல காரணங்கள். நம் சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது: குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா தற்காப்பு உரிமையைத் தருகிறது, ஆனால் தற்காப்புக்குத் தேவையானதை விட அதிகமாகத் தீங்கு செய்ய அந்த உரிமை நீளாது என்று 37ஆம் பிரிவில் வரம்பு கட்டுகிறது. "அவர் ஹீரோ" என்பது காரணம் ஆகாது. "அவருக்குச் சின்ன வயசுல கொடுமை நடந்துச்சு" என்பது கோபத்தை விளக்கும், அடித்ததை நியாயமாக்காது. இப்போது வில்லனுக்கும் சோகமான முன்கதை வைத்துப் பல படங்கள் வருவதால் இதைக் கவனமாகப் பேசுங்கள்.

எங்கே தவறிப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். படம் ஓடும்போதே நிறுத்திக் கேட்காதீர்கள். பிள்ளைக்கு எரிச்சல்தான் வரும். மறுநாள் சாப்பிடும் நேரத்தில் பேசினால் போதும். பிள்ளைக்குப் பிடித்த நடிகரைக் குறை சொன்னால் பேச்சு நடிகரைப் பற்றியதாகிவிடும். சில பிள்ளைகள் சட்டென்று "ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்று முடித்துவிடுவார்கள். அதுவும் யோசிக்காமல் தப்பிக்கும் வழிதான். தாக்குகிறவரும் தடுக்கிறவரும் ஒன்றல்ல.

நாயகனின் அடியை ஏன் கூடுதலாகக் கவனிக்கச் சொல்கிறோம் என்றால், உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா 1965இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. பெரியவர் ஒருவர் பொம்மையை அடிக்கும் படத்தைச் சிறு குழந்தைகளுக்குக் காட்டினார். ஒரு குழுவுக்குக் காட்டிய முடிவில் அடித்தவருக்குப் பாராட்டும் தின்பண்டமும் கிடைத்தன, இன்னொன்றில் திட்டும் தண்டனையும், மூன்றாவதில் ஒன்றுமில்லை. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அதைச் செய்துகாட்டினார்கள். பிறகு, செய்துகாட்டினால் பழச்சாறும் ஸ்டிக்கரும் தருவதாகச் சொன்னதும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஆக, மூன்று குழுவும் அதைக் கற்றுத்தான் வைத்திருந்தது. பொம்மையை வைத்துச் செய்த சோதனையைக் கொண்டு, படம் பார்க்கிற பிள்ளை ரவுடியாகிவிடும் என்று நாங்கள் முடிவுகட்டவில்லை. ஆனால் கதையில் பரிசு வாங்குகிற அடி எப்போதும் நாயகனுடையது என்பதை மறக்க முடியவில்லை.

தணிக்கைச் சான்றிதழில் இப்போது யு/ஏ 7+, 13+, 16+ என்று வயதுப் பிரிவுகள் உள்ளன. படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதைப் பாருங்கள். காட்சி எவ்வளவு கடுமையானது என்று அது ஓரளவு சொல்லும். யார் அடிக்கும்போது நம் பிள்ளை கைதட்டுகிறது என்று சொல்லாது.

எழுதியதை ஒரு பக்கத்துக்குள் முடித்து, அடுத்த மன்றக் கூட்டத்துக்கு முன் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். மதிப்பெண் கிடையாது, எழுத்துப்பிழையும் பார்க்க மாட்டோம். பிள்ளையின் தீர்ப்பு உங்களுக்கு உடன்பாடில்லை என்றால் திருத்த வேண்டாம், உங்கள் தீர்ப்பைக் கீழே தனியாக எழுதிக் கையெழுத்திடுங்கள். வாலியின் கேள்விகளை வகுப்பில் எடுக்கும்போது இரண்டையும் சேர்த்தே வாசிப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்