தூத்துக்குடி மாப்பிள்ளைக்கு

மேட்டுப்பாளையம்
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் புதன்கிழமை கைக்கு வந்தது. நாலு பக்கத்தில் இரண்டரைப் பக்கம் காரைப் பற்றியே எழுதியிருக்கிறாய். இத்தனை வருஷம் கழித்தும் வண்டியில் ஒரு சந்தேகம் என்றால் உனக்கு என் ஞாபகம் வருகிறதே, அது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் ஒரே வருஷத்தில் இரண்டு பேட்டரியை உன் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று படித்தபோது மனசு கொதித்தது.

இங்கே எல்லோரும் நலம். பெரியவள் கோவையில் வேலைக்குப் போகிறாள், மாதம் இரண்டு முறை வந்துவிடுவாள். சின்னவன் டிப்ளமோ முடித்துப் பட்டறைக்கே வந்துவிட்டான். அம்மாவுக்கு முட்டிவலிதான் தீரவில்லை. ஆனாலும் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுவதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மலையில் மழை பிடித்துக்கொண்டதால் பவானி செம்மண் நிறத்தில் நிறைந்து ஓடுகிறது.

சரி, வண்டிக்கு வருகிறேன். நீ சொன்னவை மூன்று. மூன்று நாள் நிறுத்தி வைத்தால் செல்ஃப் எடுப்பதில்லை. பிரேக் மிதித்தால் பின்னால் இடது பக்க இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டாமல் காக்கிற வசதி, அதன் விளக்கு சில நாள் எரிகிறது, சில நாள் எரிவதில்லை. மூன்றுக்கும் மூன்று பார்ட் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, அந்தச் சீட்டை மடித்து வை. இப்போதைக்கு ஒன்றையும் மாற்றாதே.

ஐடிஐயில் நம் எலக்ட்ரிக்கல் சார் திரும்பத் திரும்பச் சொல்வாரே, சும்மா கிடக்கிற வயரை அளக்காதே, வேலை செய்கிற வயரை அள என்று. அப்போது பரீட்சைக்காக எழுதி வைத்துக்கொண்டோம். முப்பது வருஷம் பட்டறையில் நின்ற பிறகுதான் அந்த ஒரு வரியில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

முதலில் பேட்டரி. இரவெல்லாம் நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன்னால் மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து பேட்டரியின் இரண்டு முனையிலும் வை. 12.6 வோல்ட் அளவில் இருந்தால் சார்ஜ் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போய்விட்டால் காலி. இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரைக்கும் இருக்க வேண்டும். உன் வண்டியில் 14.2 காட்டியதாக நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் ஓடும்போது சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் மேல் குற்றமில்லை. ஓடும்போது ஏறுகிறது, நிற்கும்போது எங்கேயோ வடிகிறது.

எவ்வளவு வடிகிறது என்று இங்கே உட்கார்ந்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உன் பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர், அதாவது ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் 35 மணி நேரம் வரும். ஒரு 5 வாட் பல்பு விடாமல் எரிந்தால் 0.4 ஆம்பியர் எடுக்கும். வகுத்துப் பார்த்தால் 87 மணி நேரம், அதாவது மூன்றரை நாளில் பேட்டரி சுத்தமாகக் காலி. நீ சொன்ன மூன்று நாளுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பார்! அதனால் முதல் சந்தேகம் எனக்கு டிக்கி விளக்கு மேல்தான். மூடியதும் அணைய வேண்டியது, சுவிட்ச் தேய்ந்தோ துருப்பிடித்தோ அணையாமல் உள்ளேயே எரிந்துகொண்டிருக்கும். வெளியிலிருந்து யாருக்குத் தெரியும்? உன் போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடு. ஒரு நிமிஷம் கழித்துத் திறந்து எடுத்துப் பார். படம் இருட்டாக இருந்தால் டிக்கி நிரபராதி.

அதில் இல்லையென்றால் மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றி, டெர்மினலுக்கும் கேபிளுக்கும் நடுவில் சேர். அப்படி இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடித்துவிடாதே, மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். சேர்த்த உடனே தெரிகிற எண்ணையும் நம்பாதே. இந்தக் காலத்து வண்டியில் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அரை மணி நேரம்கூட ஆகும். டீ குடித்துவிட்டு வந்து பார். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் சாதாரணம், அந்த அளவில் பேட்டரி நாலு வாரம் தாங்கும். அதற்கு மேலே இருந்தால் ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கு. எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று விழுகிறதோ, அந்த வழியில்தான் கள்ளன் இருக்கிறான். பின்னால் வாங்கி மாட்டிய ஸ்டீரியோ, கேமரா இதையெல்லாம் மறக்காதே. என் அனுபவத்தில் பாதிக்கு மேல் அங்கேதான்.

அடுத்தது பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் எரிவது. இதைக் கேட்டால் எனக்கு ஒரு சந்தோஷம் வரும், ஏனென்றால் வண்டியே வாய் திறந்து சொல்கிற குறை இது. பிரேக் பல்பு 21 வாட். அதன் கரண்ட் பல்பைத் தாண்டி எர்த் வழியாக, அதாவது வண்டியின் இரும்பு பாடி வழியாக, பேட்டரி மைனஸுக்குத் திரும்ப வேண்டும். எர்த் கெட்டிருந்தால் அது சும்மா நிற்காது. அதே லாம்பில் இருக்கும் இண்டிகேட்டர் பல்புக்குள் பின்பக்கமாகப் புகுந்து வேறு வழி தேடும். அதுதான் அந்த மங்கல் வெளிச்சம். உன் ஊர் உப்புக் காற்று. எர்த் போல்ட்டுக்கு அடியில் களிம்பும் துருவும் ஏறியிருக்கும்.

உனக்குப் பார்த்துக் கொடுத்தவர் எர்த்தை மீட்டரில் வைத்துப் பார்த்ததாகவும், பீப் சத்தம் வந்ததாகவும் எழுதியிருக்கிறாய். பீப் வந்தால் வயர் முழுசாக அறவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஒரு வயருக்குள் இருபது இழையில் பத்தொன்பது அற்று ஒன்று மிச்சம் இருந்தாலும் பீப் வரும் மாப்பிள்ளை. மீட்டர் அனுப்பும் கரண்ட் அவ்வளவு சின்னது. யாரையாவது பிரேக்கை மிதித்துக்கொண்டு இருக்கச் சொல். வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை லாம்பின் எர்த் வயரிலும் இன்னொன்றை பேட்டரி மைனஸிலும் வை. 0.1, 0.2 என்றால் நல்லது. 2, 3 வோல்ட் காட்டினால் அவ்வளவு வோல்ட்டை அந்தத் துரு தின்கிறது. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிடு. செலவு பத்து ரூபாய்.

அதே வேலையை இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் வரும் எர்த் பட்டைக்கும் செய். செல்ஃப் சுற்றும்போது 100 ஆம்பியருக்கு மேல் ஓடும். அந்தப் பட்டையில் 0.02 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே போய்விடும். மீட்டரின் ஓம் அளவுக்கு 0.02 கண்ணிலேயே படாது.

ஏபிஎஸ்ஸை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பேட்டரி இறங்கிய நிலையில் செல்ஃப் அடித்தால் வோல்ட் சடாரென்று விழும். ஏபிஎஸ் பெட்டி அதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு விளக்கைப் போட்டுவிடும். உனக்கு அந்த விளக்கு எரிகிற நாள்களும் வண்டி மூன்று நாள் நின்று எழுந்த நாள்களும் ஒன்றா என்று யோசித்துப் பார். ஒன்றென்றால் முதல் இரண்டையும் சரிசெய்தாலே இதுவும் போய்விடும்.

போகவில்லை என்றால் ஸ்கேனர் போடலாம், வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு எண்ணை அது படிக்கும். அந்த எண்ணைத்தான் கோடு (code) என்கிறோம். மலிவான ஸ்கேனர் பலவும் இன்ஜின் கோடை மட்டும்தான் படிக்கும். பிரேக் பக்கத்துக் கோடு 'சி' என்ற எழுத்தில் தொடங்கும், அதைப் படிக்கிற கருவி வேண்டும். கோடு வந்தாலும் அது தீர்ப்பு இல்லை. இதை நான் என் பட்டறையிலேயே கற்றுக்கொண்டேன். 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம் ஆகிவிட்டதே, அதற்கு அப்புறம் சின்ன வண்டிகளும் இந்த விளக்கோடு நிறைய வருகின்றன. ஒருவர் வந்தார், வலது முன் சக்கர சென்சார் என்று கோடு. நான் சென்சாரை மாற்றினேன். விளக்கு மறுபடி வந்தது. வயரைப் பார்த்தேன், பிளக்கைப் பார்த்தேன், எல்லாம் சரி. மகன்தான் ஓட்டிக்கொண்டே ஸ்கேனரில் நாலு சக்கர வேகத்தையும் பார்த்தான். மூன்றில் 20 கிலோமீட்டர், அதில் மட்டும் சைபர். அப்புறம்தான் அவரிடம் கேட்டேன், இதற்கு முன் அந்தச் சக்கரத்தில் என்ன வேலை நடந்தது என்று. வேறொரு இடத்தில் பேரிங் மாற்றியிருக்கிறார்கள். இப்போதைய பேரிங்குகள் பலவற்றில் ஒரு முகத்தில் மட்டும் காந்த வளையம் இருக்கும், அதைப் பார்த்துத்தான் சென்சார் வேகத்தை எண்ணும். அதைத் திருப்பி மாட்டிவிட்டார்கள். குண்டூசியை வைத்தால் எந்த முகம் என்று தெரிந்திருக்கும். அந்தக் கேள்வியை நான் முதல் நிமிஷத்திலேயே கேட்டிருக்க வேண்டும். சென்சார் காசை அவரிடம் வாங்கவில்லை.

மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கும், வீல் பூட்டாமல் காக்கிற வசதிதான் இருக்காது. மழையில் மெதுவாகப் போ. சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டு. ஹேண்ட் பிரேக்கை இறக்க மறந்ததாக மட்டும் நினைத்துவிடாதே, ஆயில் இறங்கியிருந்தாலும் அதே விளக்குதான்.

பிரேக் என்றதும் போன மாதம் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். குன்னூரிலிருந்து ஒரு குடும்பம் இறங்கி வந்தது. இரண்டு சின்னப் பிள்ளைகள், ஒரு பாட்டி. கடைசி வளைவுகளில் பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. அந்தத் தம்பி கியரை இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, எப்படியோ மண் திட்டில் ஒட்டி நிறுத்திவிட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. மிதித்துப் பார்த்தால் பெடல் கல் மாதிரி நிற்கிறது! சரியாகிவிட்டது, கிளம்பட்டுமா என்று கேட்கிறார். எனக்கு அடிவயிறு கலங்கியது.

குன்னூரிலிருந்து இங்கே சுமார் 1,500 மீட்டர் இறக்கம். ஆளும் பெட்டியுமாக 1,200 கிலோ வண்டி அந்த உயரத்தை இழக்கும்போது வரும் சக்தி, 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இன்ஜினுக்கும் காற்றுக்கும் பங்கு கொடுக்காமல் மேல் கியரிலேயே வந்தால், பெரும்பகுதி சூடு நாலு பிரேக்கில்தான் இறங்கும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் ஏறிவிட்டால் 140-லேயே கொதிக்கலாம். டாட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. கொதித்தால் ஆவி, ஆவியை மிதித்தால் அமுங்கும், பெடல் கீழே போகும். ஆறினால் ஆவி மறுபடி ஆயிலாகிவிடும், பெடலும் எழுந்துவிடும். குறை தன் தடயத்தைத் தானே அழித்துக்கொள்கிற மாதிரி.

டப்பாவைத் திறந்தேன், ஆயில் கருப்பாக டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது. ஆறு வருஷமாக மாற்றவே இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது. ஆயில் மாற்றி ஏர் எடுத்து அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் வலது முன் சக்கரம் மற்றதைவிட அதிகமாகத் தீய்ந்த வாடை அடித்தது. ஜாக்கி போட்டுத் தூக்கினேன். கையால் சுற்ற முடியவில்லை. பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகிற காலிப்பர் ஜாம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். காலிப்பரில் ஏர் எடுக்கிற நிப்பிளைக் கொஞ்சம் திறந்தேன், ஆயில் பீய்ச்சி அடித்தது, சக்கரம் லேசாகச் சுற்றியது. காலிப்பரின் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ (pin) இறுகியிருந்தால் அப்படி விட்டுக்கொடுக்காது. உள்ளே பிரஷர் மாட்டிக்கொண்டிருக்கிறது. மற்ற மூன்று சக்கரமும் சாதாரணமாகச் சுற்றியதால், பெடலிலிருந்து ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில் குறை இல்லை. மிச்சம், சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகிற ரப்பர் ஹோஸ். வெளியே புதுசு மாதிரி, உள்ளே உப்பி அடைத்திருந்தது. மிதிக்கும்போது ஆயிலை விடும், எடுக்கும்போது திரும்ப விடாது. மலை முழுக்க அந்தச் சக்கரம் பிரேக் பிடித்தபடியே இறங்கியிருக்கிறது. இரண்டு முன் ஹோஸும் மாற்றி, பேட் மாற்றி, டாட் 4 ஊற்றி மறுநாள் அனுப்பினேன். அந்தப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமே பேசவில்லை. இரண்டு நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை மாப்பிள்ளை.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன், உன் வண்டியில் பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினாய்? கடற்கரையில் இருக்கிறாய், காற்றிலேயே ஈரம். பொங்கலுக்குக் கொடைக்கானல் போவதாக எழுதியிருக்கிறாய். மாற்றாமல் போகாதே. போவதற்கு முன் இன்னும் ஒன்று செய். இன்ஜினை அணைத்து நாலைந்து முறை மிதி, அப்புறம் மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணு. பெடல் காலுக்கடியில் கொஞ்சம் இறங்கினால், மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கிற பூஸ்டர் நல்லது. இறங்காமல் கல்லாக நின்றால் பூஸ்டருக்குப் போகிற வேக்குவம் ஹோஸைப் பார்க்கச் சொல். ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்லத் தரைக்குப் போனால், வெளியே எங்கும் ஒழுகுகிறதா என்று முதலில் பார். ஒழுகவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரில் வாஷர் போய்விட்டது, அதை மட்டும் உடனே மாற்று.

கொடைக்கானல் போகிற வழியில் இங்கே வர முடியாது என்று எனக்குத் தெரியும், ஆனால் திரும்பும்போது ஒரு நாள் சுற்றிக்கொண்டு வாயேன். அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

தினமும் இரவு எட்டு மணிக்கு மேல் பட்டறை மூடியிருக்கும், போன் பக்கத்திலேயே வைத்திருப்பேன். டிக்கிக்குள் எடுத்த வீடியோவை அனுப்பு.

அன்புடன்,
உன் மேட்டுப்பாளையத்து மாப்பிள்ளை